திரையின் மேல் வரி

அத்தியாயம் 11

"பழி வாங்கித் தருவீங்களா, மாட்டீங்களா? அத மட்டும் சொல்லுங்க சார்" என்றாள் சாந்தி மேரி.

அரியலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். துப்பறிவாளர் கருப்பண்ணன் டீயை ஊதிக் குடித்தார். பதில் சொல்லும் பொறுப்பு வழக்கம்போல் உதவியாளன் செல்லக்கண்ணுவின் தலையில் விழுந்தது. அவன் வாயில் முழு வடை இருந்தது.

"எங்க போர்டுல துப்பறியும் நிலையம்னுதான் தங்கச்சி எழுதியிருக்கு" என்றான், வடையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு. "பழி வாங்கற பிரிவு இன்னும் தொடங்கல. ஆள் எடுத்ததும் சொல்லி அனுப்பறோம்."

அவள் சிரிக்கவில்லை. இருபத்தாறு வயதுக்காரி. கண்கள் அழுது முடித்து, காய்ந்து, இப்போது வேறு வேலைக்குத் தயாராக இருந்தன.

சாலைக்கு அப்பால் நின்ற புளியமரம் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய தூசியில் அடி முதல் நுனி வரை வெளுத்திருந்தது. பனி பெய்கிற தேசங்களைப் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த செல்லக்கண்ணுவுக்கு அங்கே மரங்கள் இப்படித்தான் நிற்கும் என்று தோன்றியது. இங்கே பனி சுட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அவள் கணவன் மரிய செல்வம், ஊருக்கு வெளியே இருந்த வெண்பாறை மைன்ஸ் ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தவன். சுற்றுவட்டாரத்தில் பலருக்கு அந்தப் பெட்டியின் பெயர்கூடத் தெரியாத காலம். குவாரியில் எத்தனை மணிக்கு வெடி வைப்பார்கள் என்ற அறிவிப்பை அடித்துக் கொடுப்பது தினமும் காலையில் அவன் வேலை. அது கேட்டிலும் தெருமுனையிலும் ஒட்டப்படும். ஒருநாள் அறிவிப்பில் பன்னிரண்டு என்று இருந்தது. வெடி பதினொன்றுக்கே வெடித்தது. அறிவிப்பை நம்பிக் குவாரிக்குள் வேலையில் இருந்த ஆண்டாயியின் புருஷனும் முத்தாயியின் புருஷனும் கல்லோடு கல்லாகப் போனார்கள். வெடி வைத்தவன் அன்றே ஊரைவிட்டு ஓடிவிட்டான்.

அடுத்த வாரம் ஒரு காலையில் செல்வம் கம்ப்யூட்டர் முன்னால் செத்துக் கிடந்தான். பக்கத்தில் பாதி குடித்த கலர் சோடா பாட்டில், அதில் பூச்சி மருந்து. திரையில் ஆங்கிலத்தில் ஒரு கடிதம்: 'எனக்குப் பதினொன்று என்றுதான் சொன்னார்கள். நான் தவறுதலாகப் பன்னிரண்டு என்று அடித்துவிட்டேன். இரண்டு உயிர் போனதற்கு நானே காரணம். இனி வாழ மாட்டேன்.'

போலீஸ் படம் எடுத்தது, தற்கொலை என்று எழுதியது, போய்விட்டது. ஆண்டாயியும் முத்தாயியும் வந்து அவள் வாசலில் மண்ணை வாரி இறைத்தார்கள். வரதராஜன்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் ஊரில், தற்கொலை செய்தவன் என்று, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு உள்ளே அவனைப் புதைக்கச் சொந்தக்காரர்களே விடவில்லை.

"சுவத்துக்கு வெளிய, முள்ளுக்காட்டுல கிடக்கறாரு. அவர உள்ள கொண்டு போவணும். அதுக்கப்புறம் இதச் செஞ்சவன் துடிக்கணும். நான் பாக்கணும்." அவள் மஞ்சள் பையிலிருந்து போலீஸ் எடுத்த படத்தின் பிரதியை எடுத்து நீட்டினாள். "அவரு அடிச்சா தப்பு அடிக்க மாட்டாரு சார். என் பேரையே மூணு வாட்டி சரிபார்த்துத்தான் கல்யாணப் பத்திரிகைக்குக் குடுத்தாரு."

கருப்பண்ணன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். திரையும் கடிதமும் பெரிதாக, தெளிவாக இருந்தன. அவர் கடிதத்தைப் படிக்கவில்லை. படத்தின் மேல் ஓரத்தையே பார்த்தார்.

"செல்லக்கண்ணு, இதுல என்ன குறையுது?"

"ஸ்மைல் ப்ளீஸ்னு சொல்ல மறந்துட்டாங்க."

"திரையோட மூணு பக்கமும் சட்டம் தெரியுது. மேல் பக்கம் மட்டும் சட்டம் இல்ல. யாரோ கத்தரிச்சிருக்காங்க. படத்துக்குத் தலை இல்லடா." படத்தைத் திருப்பினார். பின்னால் பெரம்பலூர் ஸ்டூடியோ ஒன்றின் முத்திரை. "தலை அங்க இருக்கு. பஸ் ஏறு."

*

ஸ்டூடியோக்காரர் ஜபருல்லாவுக்குச் சொந்த ஊர் லப்பைக்குடிக்காடு. துபாயில் ஒரு கம்பெனி ஆபீசில் ஆறு வருஷம் இருந்துவிட்டு, ஒரு நல்ல கேமராவோடும் அதைவிட நல்ல தொப்பையோடும் திரும்பி வந்தவர்.

"நான் ஏன் கத்தரிக்கப் போறேன்? போலீஸ் கூப்பிட்டு நான்தான் படம் எடுத்தேன். லெட்டர் மட்டும் பெருசா வேணும்னு கேட்டாங்க, போட்டுக் குடுத்தேன். மேல ஏதோ கிறுக்கல் இருக்கு, அது எதுக்குன்னாங்க. அது கிறுக்கலா? அல்லாவே!" அவர் நெகட்டிவைத் தேடி எடுத்தார். "மவுத்தாகிக் கிடந்த மனுஷன் முன்னால நின்னுகிட்டு நான் வாதாட முடியுமா? முழுசா போட்டுத் தரேன், உட்காருங்க."

இருட்டறைக்குள் போய் அவர் வெளியே வந்தபோது கையில் சொட்டச் சொட்ட ஒரு படம். கடிதத்துக்கு மேலே, திரையின் உச்சியில், ஒற்றை வரி மின்னியது.

"இது வேர்ட்ஸ்டார். எங்க துபாய் ஆபீஸ்லயும் இதான். நீங்க என்ன எழுதினாலும் சரி, மேல இந்த ஒரு வரி காவல் நிக்கும். நீங்க எங்க இருக்கீங்க, என்ன பண்றீங்கன்னு சொல்லிட்டே இருக்கும்." ஈர விரலால் காட்டினார். "முதல்ல பைலோட பேரு. எந்தத் தட்டுல, அதாவது எந்த டிஸ்க்குல இருக்கு, என்ன பேருல இருக்கு. அப்புறம் எத்தனாவது பக்கம். எத்தனாவது லைன். கால்னு போட்டிருக்கே, அது அந்த லைன்ல எத்தனாவது எழுத்து."

"காலும் இருக்கா? அப்ப ஓடிப் போயிடுமே பாய்" என்றான் செல்லக்கண்ணு.

"ஓடத்தான் செய்யும். நீங்க அடிக்க அடிக்க நம்பர் ஏறும். நல்ல ஆபரேட்டருக்கு ஒரு கண்ணு எழுத்துல, ஒரு கண்ணு மேல." ஜபருல்லா அந்த வரியின் கடைசியில் இருந்த வெற்றிடத்தைத் தொட்டார். "ஆனா இங்க ஒண்ணக் காணோம். இன்சர்ட் ஆன்னு இருக்கணும். மிஷினப் போட்டா அது தானா வரும். அது இருந்தா, நடுவுல ஒரு எழுத்து அடிச்சா மத்த எழுத்தெல்லாம் நகர்ந்து வழி விடும். அத அணைச்சிட்டா வழி விடாது. முன்னால நிக்கிற எழுத்த அழிச்சிட்டு, அது மேலயே உங்க எழுத்து ஏறி உட்காரும்."

"தானா அணையுமா?"

"அதெப்படி? யாராச்சும் பட்டனைத் தட்டணும்."

கருப்பண்ணன் வரியின் தொடக்கத்துக்குப் போனார். ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்ச் சொல் இருந்தது. பைலின் பெயர்: பாடம்.

"சாகப் போற மனுஷன் தன் கடைசி லெட்டரை எதுக்கு 'பாடம்'ங்கற பைல்ல எழுதணும்?" என்று கேட்டார் கருப்பண்ணன். "யாரு பாடம்? யாருக்குப் பாடம்?"

சாந்தி மேரி முன்னால் வந்தாள்.

"சார்... அவரு ஒருத்தருக்குச் சொல்லிக் குடுத்திட்டிருந்தாரு. சாயங்காலத்துல. யாருன்னு கேட்டேன். பெரிய மனுஷன், வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருன்னு சொன்னாரு. அத நெனச்சு நெனச்சுச் சிரிப்பாரு. 'எழுத்து நகருறதே அவருக்குப் பொறுக்கல மேரி. உட்கார்ந்ததும் மொத வேலையா இன்சர்ட்ட அணைச்சிருவாரு. எதிர்ல இருக்கறத அழிச்சாத்தான் அவருக்கு எழுதவே வருது'ன்னு சொல்வாரு. எனக்கு அப்ப ஒண்ணும் புரியல. புருஷன் சிரிக்கறாரேன்னு நானும் சிரிச்சேன்."

கருப்பண்ணன் ஈரப் படத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சொல்லிக் குடுத்தவனையே அந்தப் பாடத்த வச்சுக் கொன்னிருக்கான்" என்றாள் அவள். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

*

திரும்பி வரும் பஸ்ஸில் செல்லக்கண்ணு குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டான். குன்னம் தாண்டியதும் அறிவித்தான்.

"மைன்ஸ் ஆபீஸ் மேனேஜர் நல்லதம்பிதான் பாஸ். இருபது வருஷமா டைப்ரைட்டர்ல குப்பை கொட்டினவர். டைப்ரைட்டர்ல எழுத்து நகருமா? அடிச்ச இடத்துலதான நிக்கும்? அவருக்குத்தான் இந்த நகர்ற வேலை பிடிக்காது. அதான் அணைச்சிட்டு அடிச்சிருக்கார்."

"நல்லாத்தான் இருக்கு" என்றார் கருப்பண்ணன். "போய் அடிக்க வச்சுப் பாப்போம்." வழியில் போலீஸ் ஸ்டேஷனில் இறங்கி இன்ஸ்பெக்டரைக் கையோடு அழைத்துக்கொண்டார். மிஷினை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் ஜபருல்லாவும் கேமராவோடு கூடவே இருந்தார். சாந்தி மேரி மட்டும், ஒரு இடத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்று பஸ் ஸ்டாண்டிலேயே பிரிந்து போனாள்.

வெண்பாறை மைன்ஸ் ஆபீசில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய அறை அது ஒன்றுதான். கல் தூசி உள்ளே போனால் மிஷின் கெட்டுவிடும் என்று ஏசி போட்டு, கண்ணாடி ஜன்னலை மூடி வைத்திருந்தார்கள். முதலாளி பஞ்சநாதன் வெள்ளை வேட்டியும் விரல் நிறைய மோதிரமுமாக வந்து நின்றார்.

"வணக்கம், நான் கருப்பண்ண..."

"தெரியும், துப்பறியறவர். இன்ஸ்பெக்டர் போன்ல சொன்னாரு. என்ன வேணும்?"

"செல்வத்தோட சாவைப் பத்தி ஒரு சின்ன..."

"சந்தேகம். அதான? நல்ல பையன்யா அவன். தப்பு பண்ணிட்டான், மனசு கேக்கல, போயிட்டான். அந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் செய்யலாம்னு இருக்கேன்."

"நீங்க இந்த மிஷின்ல எப்பவாச்சும்..."

"நானா? பல்பு எந்தப் பக்கம் எரியுதுன்னுகூட எனக்குத் தெரியாது. வாங்கிப் போட்டதோட சரி."

ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க விடாத மனுஷன் என்று செல்லக்கண்ணு மனதுக்குள் குறித்துக்கொண்டான். அப்போது கதவு திறந்து சாந்தி மேரி உள்ளே வந்தாள். யாரையும் பார்க்காமல் கதவை ஒட்டியிருந்த சுவரோரமாய் நின்றாள். பஞ்சநாதன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேனேஜர் நல்லதம்பியை மிஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். ஜபருல்லா புது பைல் திறந்து, வெடி அறிவிப்பை ஆங்கிலத்தில் அடித்து வைத்திருந்தார். திரையின் உச்சியில் மேல் வரி ஒளிர்ந்தது. கடைசியில், இன்சர்ட் ஆன்.

"ஒண்ணுமில்ல சார்" என்றார் கருப்பண்ணன். "பதினொன்றுன்னு இருக்கு. அதைப் பன்னிரண்டுன்னு மாத்துங்க."

செல்லக்கண்ணு மூச்சைப் பிடித்துக்கொண்டான். இப்போது மேலே பார்ப்பார். இப்போது அணைப்பார்.

நல்லதம்பி மேலே பார்க்கவே இல்லை. டைப்ரைட்டரில் அடிப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்து படபடவென்று அடித்தார். பன்னிரண்டு உள்ளே நுழைந்தது. பதினொன்று நகர்ந்து அதன் பின்னால் நின்றது.

"என்ன சார் இது, எலி மாதிரி ஓடுது?" மறுபடி அடித்தார். இன்னொரு பன்னிரண்டு நுழைந்தது. பதினொன்று அடுத்த வரிக்கே போய்விட்டது. அவர் நெற்றியில் வியர்வை. "விரட்ட விரட்டப் போவுது! இதப் பிடிக்க வல போடணும் போல."

செல்லக்கண்ணுவின் கண்டுபிடிப்பும் அதோடு சேர்ந்து ஓடியது. அவன் பாஸைப் பார்த்தான். பாஸ் திரையைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரின் கண்ணாடி ஜன்னலில் தெரிந்த முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்லதம்பி மூன்றாவது தடவை அடித்தார். அறிவிப்பே குலைந்து போனது.

"யோவ்!" பின்னால் நின்ற பஞ்சநாதனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "அறிவு இருக்காய்யா? இன்சர்ட்ட அணைச்சிட்டு அடி! மேலயே காட்டுதுல்ல?" மேனேஜரின் தோளுக்கு மேலாக மோதிரக் கை நீண்டு, தேடாமல், தடவாமல், நேராக ஒரு பட்டனில் இறங்கியது.

மேல் வரியின் கடைசியில் இன்சர்ட் ஆன் மறைந்தது.

இன்ஸ்பெக்டர் அந்த மோதிர விரலைப் பார்த்தார்.

"நன்றிங்க முதலாளி" என்றார் கருப்பண்ணன். "பல்பு எந்தப் பக்கம்னு தெரியாதவருக்கு, மேல என்ன காட்டுதுன்னு தெரிஞ்சிருக்கு."

"செல்வம் அடிக்கறப்ப பாத்திருக்..."

இந்த முறை வாக்கியம் முடியாமல் போனது அவருடையது. "செல்வம் இதை அணைக்கிற ஆளே இல்ல. அணைச்சிட்டு அடிக்கிறவர் ஒருத்தர்தான். சாயங்காலப் பாடத்துக்கு வந்தவர்." கருப்பண்ணன் ஈரம் காயாத படத்தை மேஜையில் வைத்தார். "பாடம்ங்கற பைல். உங்களுக்குத் திறக்கத் தெரிஞ்சது அந்த ஒரே பைல். புதுசா ஒண்ணு திறக்க நீங்க கத்துக்கறதுக்குள்ள அவசரம் வந்துடுச்சு. அதுலயே உங்க வாத்தியாரோட மரண லெட்டரை அடிச்சிட்டீங்க."

பஞ்சநாதன் வாயைத் திறந்தார். ஆனால் முதலில் பேசியது நாற்காலியில் இருந்த நல்லதம்பி.

"சாயங்காலமானா எங்க எல்லாரையும் அனுப்பிட்டு இந்த ரூமுக்குள்ள வருவாருங்க" என்றார், இன்ஸ்பெக்டரைப் பார்த்து. "ஏசி காத்து வாங்கறாருன்னு நெனச்சேன். செல்வம் சாவறதுக்கு மொத நாள் ரெண்டு கலர் பாட்டில் வாங்கியாரச் சொன்னாரு. நான்தாங்க வாங்கியாந்து குடுத்தேன்... அன்னிக்கு முதலாளி பன்னெண்டுன்னு அடிக்கச் சொன்னது அந்தப் பையன்கிட்டதாங்க. லாரி காத்துக் கெடக்குன்னு பதினொண்ணுக்கே வெடிக்கச் சொன்னது இவருதாங்க. என் தப்புன்னு எழுதிக் குடுறான்னு பையன மெரட்டினாரு. அவன் மாட்டேன்னுட்டான்."

"இவ்வளவு நாளா சொல்லல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்கும் கலர் வாங்கிக் குடுத்திருப்பாருங்களே."

*

வெளியே சத்தம் கிளம்பியது. ஜன்னலுக்கு அப்பால் குவாரி ஆட்கள் திரண்டிருந்தார்கள். ஆண்டாயியும் முத்தாயியும் முன்னால் நின்றார்கள். சாந்தி மேரி எங்கே போய்விட்டு வந்தாள் என்று செல்லக்கண்ணுவுக்கு இப்போது விளங்கியது.

"அந்த ஆள கொஞ்சம் வெளிய அனுப்புங்க சார்!" ஆண்டாயியின் குரல் கண்ணாடியைத் துளைத்தது. "ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டு உட்டுடறோம்!"

பஞ்சநாதன் இன்ஸ்பெக்டரின் பின்னால் நகர்ந்தார். "வேன்ல ஏத்துங்க. சீக்கிரம்."

"வேன் கேட்டுக்கு அந்தாண்ட நிக்குது" என்றார் இன்ஸ்பெக்டர். "இந்தக் கூட்டம் வழி விடாதே. என்ன பண்ணலாம்?"

"அவர உட்காரச் சொல்லுங்க சார்" என்றாள் சாந்தி மேரி. அறைக்குள் வந்த பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. "அடிக்கத் தெரியும்ல? நடந்தத அடிக்கட்டும். அவங்களுக்குக் கேக்கற மாதிரி பாய் தமிழ்ல படிச்சுச் சொல்லட்டும். சனங்க கேட்டுட்டு வழி விட்டுரும்."

"கோர்ட்டுல இது செல்லாதும்மா" என்றார் கருப்பண்ணன் தாழ்ந்த குரலில்.

"கோர்ட்டுக்கு இல்ல சார். எங்க ஊருக்கு. சுவத்துக்கு உள்ள போறதுக்கு."

ஜன்னலை ஒரு கல் உரசிக்கொண்டு போனது. பஞ்சநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜபருல்லா புது பைல் திறந்தார். முதலாளியின் விரல் பழக்கத்தில் அந்தப் பட்டனைத் தேடிப் போனது.

"அது எரியட்டும்" என்றாள் அவள்.

அவர் ஒவ்வொரு எழுத்தாய்த் தட்டினார். ஜன்னலை லேசாகத் திறந்து ஜபருல்லா வரி வரியாகத் தமிழில் உரக்கச் சொன்னார். பன்னிரண்டு என்று நான்தான் சொன்னேன். பதினொன்றுக்கு வெடிக்கச் சொன்னதும் நான்தான். வெளியே முத்தாயி தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். ஆண்டாயி அழவில்லை. ஜன்னலுக்குள் சாந்தி மேரியைத் தேடிப் பார்த்து, அன்று மண்ணை வாரி இறைத்த இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

சாந்தி மேரிக்கு ஆங்கிலம் படிக்க வராது. அவள் மேல் வரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்கள் எல்லோருக்கும் பொதுவானவை. லைன் ஐந்து. லைன் எட்டு. ஒவ்வொன்று ஏறும்போதும் பஞ்சநாதனின் முதுகு ஒரு பிடி வளைந்தது. லைன் பதிமூன்றில் கலர் பாட்டில் வந்தது. பையன் குடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டான், நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று அடித்தார். பஞ்சநாதன் குலுங்கி அழுதார். அழுது முடித்து, பாரம் இறங்கியது போல் ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்த மூச்சு முடிவதற்குள் படாரென்று எல்லாம் அணைந்தது. ஏசி நின்றது. திரை கறுத்தது.

"கரண்ட்டு போச்சே!" ஜபருல்லா தலையில் கை வைத்தார். "சேவ் பண்ணவே இல்ல! அம்புட்டும் போச்சு! ஒரு எழுத்து மிஞ்சாது!"

செல்லக்கண்ணுவிடம் இதற்கென்றே ஒரு ஜோக் தயாராக இருந்தது. சொல்வதற்காகத் திரும்பினான். ஜன்னலுக்கு வெளியே கேட்டின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் எங்கேயும் போகவில்லை. கதவோரம், சுவரில் இருந்த மெயின் சுவிட்சை விட்டு ஒரு கை மெல்ல இறங்கியது. சாந்தி மேரி அவனை நேராகப் பார்த்தாள். அவன் ஜோக்கை விழுங்கிவிட்டான்.

கருப்பண்ணனும் பார்த்திருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அவள் பக்கம் போனார். "பிரிண்ட் எடுத்திருந்தா இப்பவே உங்க ஊர்ப் பங்குச் சாமியார்கிட்ட கொண்டு போயிருக்கலாமேம்மா. மிஷின அணைச்சா எல்லாம் அழிஞ்சிடும்னு தெரியாதா?"

"தெரியும் சார். கரண்ட்டு போனா எங்க வூட்டுக்காரரு அடிச்சது போயிடும். வூட்டுக்கு வந்து பொலம்புவாரு" என்றாள். "பிரிண்ட் எடுக்கலாம். அவசரம் இல்ல."

சுவிட்சை மேலே தள்ளினாள். மிஷின் ஒரு முறை கூவிவிட்டு விழித்துக்கொண்டது. ஜபருல்லா மறுபடியும் ஒரு பைல் திறந்தார். வெற்றுத் திரை. உச்சியில் ஒற்றை வரி: பேஜ் 1, லைன் 1, கால் 1, இன்சர்ட் ஆன்.

"முதல்லேர்ந்து அடிங்க" என்றாள் அவள்.

பஞ்சநாதன் திரும்பிப் பார்த்தார். "இன்னும் எத்தன வாட்டிம்மா?" அந்த ஆபீசில் அவர் யாரையும் அம்மா என்று கூப்பிட்டு நல்லதம்பி கேட்டதில்லை.

அவள் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே சுவரில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.